அடித்த பந்து போன தூரம்

கடலின் ஆழத்தை அறிவதற்குக் கிழக்கிலங்கைக் கரையோர மீனவன் விலையுயர்ந்த கருவி எதனையும் நாடியவன் அல்லன். இரு கைகளையும் அகல விரித்தால் அஃது ஒரு பாகம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, அது தரையைத் தொட்டதும் மேலே இழுத்து, விரித்த கைகளால் ஒவ்வொரு பாகமாக எண்ணிப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். பாலமுனையிலும் ஒலுவிலிலும் கல்முனையிலும் கயிற்றின் நீளமும் வலையின் நீளமும் பாகக் கணக்கிலேயே பேசப்பட்டு வந்தன. கரைக்கு மேற்கே வயல்வெளிக்குப் போனால் வேறொரு கணக்கு. அங்கே நிலத்தின் பரப்பை அதில் விதைக்கும் நெல்லைக்கொண்டு இத்தனை அவணம், இத்தனை மரைக்கால் என்று சொல்லுவார்கள். சாணும் முழமும் காலடியும் மனிதன் பிறக்கும்போதே கொண்டுவந்த அளவுகோல்கள். அவற்றுக்கு விலையில்லை; மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு வரவும் இயலாது.

இந்த அளவுகோல்களின் வரலாற்றில் ஒரு விந்தையான கிளையைப் பற்றியதே இப்பேச்சு. செல்வர்களின் பொழுதுபோக்கு என்று பலராலும் கருதப்படும் கோல்ப் விளையாட்டில், தான் அடித்த பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆட்டக்காரன் எவ்வாறு அறிந்தான் என்பதே கேள்வி. பாலமுனைப் பக்கத்தில் கோல்ப் மைதானம் எதுவும் இல்லை. கிழக்குக் கரையில் திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப் படையினரின் மைதானம் ஒன்று உண்டு. மற்றபடி கொழும்பு, நுவரெலியா, கண்டிக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கக் கரை, அம்பாந்தோட்டை என்று விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களே இலங்கையில் அதற்கு உள்ளன. ஆயினும், விளையாட்டு யாருடையதாயினும், அதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கு எல்லோருக்கும் பொதுவானதே.

இவ்விளையாட்டை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். கோல்ப் ஆட்டக்காரன் ஒரே கோலைக்கொண்டு ஆடுவதில்லை. அவனுடைய பையில் பல கோல்கள் இருக்கும். ஒவ்வொன்றின் முகமும் ஒவ்வொரு சாய்வில் அமைந்திருக்கும். சாய்வு குறைந்த கோல் பந்தைத் தாழ்வாகவும் தொலைவாகவும் செலுத்தும். சாய்வு மிகுந்த கோல் உயர எழுப்பி அருகிலேயே இறக்கும். குழிக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, எந்தக் கோல் அவ்வளவு தூரத்தைத் தரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் ஆட்டம். இவற்றுள் இரண்டாவது விடை எந்தப் புத்தகத்திலும் அகப்படாது. ஒரே கோல் ஒருவன் கையில் நூற்றைம்பது யார் தரும். மற்றொருவன் கையில் நூற்றிருபதுதான் தரும். ஆகவே ஒவ்வொருவனும் தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டியவனாகிறான். யார் என்பது மூன்று அடி. பழைய துணிக்கடைக் கணக்கில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டின் பெயரும் நம் 'கோல்' என்ற சொல்லும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. அறிஞர் பெரும்பாலும் அப்பெயரை ஒல்லாந்த மொழியில் தடியைக் குறிக்கும் ஒரு சொல்லோடு தொடர்புபடுத்துவர். எனினும் அது வேரூன்றி வளர்ந்தது ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலே. உழவுக்கு உதவாத மணற்றரை, காற்றில் சாய்ந்த புல், ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்கள்: இத்தகைய நிலமே அதன் முதல் மைதானம். கடலோர மணலின் குணம் அறிந்த நம்மவர்க்கு அந்நிலத்தைக் கற்பனை செய்வது கடினமன்று. 1457-இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இவ்விளையாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. இளைஞர் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டுப் பந்தின் பின்னே ஓடுகிறார்கள் என்பதே காரணம். எய்த அம்பு போகும் தூரத்தை அறிந்திருக்க வேண்டியவர்கள் அடித்த பந்து போகும் தூரத்தை அறிவதில் காலம் கழித்தார்கள் போலும்!

அக்காலத்தில் மைதானத்தில் தூரம் எழுதிய பலகைகள் இல்லை. ஆட்டக்காரனுக்குத் தூரம் சொன்னவன் அவனுடைய கோல்களைச் சுமந்து சென்ற ஏழைதான். கெடி என்று அழைக்கப்பட்ட அந்தச் சுமைகாரனே விளையாட்டின் உண்மையான அளவுகோலாய் இருந்தான். பிற்காலத்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னராக முடிசூடிய யோர்க் கோமகன் 1680-களின் தொடக்கத்தில் லீத் நகரில் ஆடியபோது, அன்ட்ரூ டிக்சன் என்ற சிறுவன் முன்னே ஓடிப் பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொன்னான் என்று குறிப்புண்டு. கெடிகளுள் வரலாறு பெயர் சொல்லும் முதல் ஆள் அவனே. கோமகன் அடித்தான், எவ்வளவு தூரம் அடித்தான் என்பதை அறிந்தவன் சிறுவன். பிற்காலத்து இந்திய மைதானங்களிலும் இப்படி முன்னே செல்வோர் இருந்தனர். வட இந்தியாவில் அவர்களை 'ஆகேவாலா' என்றழைத்தனர். முன்னால் செல்பவன் என்பது அதன் பொருள்.

தூரக் கணக்கு ஒருமுறை கற்றதோடு முடிந்துவிடும் காரியமாகவும் இருக்கவில்லை. பந்து மாறும்போதெல்லாம் கணக்கும் மாறிற்று. முதலில் இருந்தது தோலுறைக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்து. கைதேர்ந்த தொழிலாளி நாள் முழுதும் உழைத்தாலும் மூன்று நான்கு பந்துகளே செய்ய முடிந்தது. ஆகவே அதன் விலை அதிகம். மழையில் நனைந்தால் அதன் வலிமையும் போய்விடும். 1848-ஆம் ஆண்டளவில் மலாயாக் காடுகளின் மரப்பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா என்ற பொருளாற் செய்த பந்து வந்தது. அதை வெந்நீரில் இட்டு இளக்கிக் கையாலேயே உருட்டிவிடலாம். விலை வீழ்ந்தது, சாதாரண மனிதனும் பந்து வாங்கலானான். புத்தம் புதிய வழவழப்பான பந்தைவிட அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தே நேராகவும் தொலைவாகவும் பறப்பதை ஆட்டக்காரர் கண்டனர். காரணம் அறியாமலே புதிய பந்தின்மீதும் கீறல் இட்டு விற்கலாயினர். இன்றைய பந்தில் காணப்படும் சிறு குழிகளுக்கு அதுவே மூலம். பின்னர் 1899-இல் அமெரிக்காவில் ஹஸ்கெல் என்பவர் இறப்பர் நூலை இறுக்கிச் சுற்றிய பந்துக்குக் காப்புரிமை பெற்றார். இந்தப் பந்து பழையதைக் காட்டிலும் வெகுதூரம் ஓடிற்று. 1876-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடவில் நடப்பட்டதை நினைவில் வைத்திருப்போர்க்கு, அந்த மரத்தின் பால் விளையாட்டு மைதானத்திலும் ஒரு மாற்றத்தை உண்டாக்கியது வியப்பளிக்காது.

பந்து ஏன் அவ்வளவு தூரம் பறக்கிறது என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் எடின்பரோப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டேய்ட். 1890-களில் அவர் செய்த ஆய்வுகளில் ஒன்று இங்கு விரிவாகச் சொல்லத் தக்கது. ஏனெனில் அதற்கு வேண்டிய கருவி ஒரு நாடாத் துண்டு மட்டுமே. தட்டையான மெல்லிய நாடா ஒன்றின் ஒரு முனையைப் பந்தில் பொருத்தி, மறு முனையைத் தரையில் நிலைநிறுத்தி, இடையிலுள்ள பகுதியை முறுக்கின்றித் தளரவிட்டார். சில அடி தூரத்தில் களிமண் பலகை ஒன்றை நிறுத்தினார். பந்தை அடித்ததும் அது களிமண்ணிற் போய்ப் பதிந்தது. நாடாவிலோ முறுக்குகள் விழுந்திருந்தன. எத்தனை முறுக்கோ அத்தனை முறை பந்து பறந்தபடியே சுழன்றிருக்கிறது! மேற்பக்கம் பின்னோக்கிச் செல்லும் அந்தப் பின்சுழற்சியே பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்கிறது என்று டேய்ட் காட்டினார். சுழற்சியில்லாத பந்தாயின் அதே வேகத்தில் அடித்தாலும் வெகு விரைவில் தரையை அடைந்துவிடும். இன்று இலட்சக்கணக்கில் விலைபெறும் இயந்திரங்கள் சொல்லும் செய்தியை ஒரு நாடா அன்று சொல்லிற்று.

பேராசிரியரின் மகன் பிரெடி டேய்ட் அக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவன். 1893 ஜனவரியில் சென் அன்ட்ரூஸ் மைதானத்தில் அவன் அடித்த ஓர் அடி வானில் 250 யார் சென்று, பின்னர் உறைந்து கிடந்த தரையில் உருண்டு, ஆக மொத்தம் 341 யாரும் 9 அங்குலமும் போய் நின்றது. தந்தை போட்ட கணக்கை மகன் ஒரே அடியிற் பொய்யாக்கினான் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. கதை சுவையானதே, ஆனால் உண்மையன்று. பின்சுழற்சியின் வலுவைத் தந்தை அதற்கு முன்பே எழுதியிருந்தார். இந்நிகழ்ச்சியில் உண்மையான பாடம் வேறிடத்தில் உள்ளது. வானில் சென்ற 250-க்கும் நின்ற இடமான 341-க்கும் இடையே 91 யார் வேறுபாடு. அந்த 91 யாரைத் தந்தது பனியில் இறுகிய தரையே. பந்து விழுந்த தூரம் வேறு, போய்ச் சேர்ந்த தூரம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் மைதானத்தில் ஏமாந்துபோவான். பிரெடி டேய்ட் 1900-இல் தென்னாபிரிக்கப் போரில் மாண்டான். தந்தை மறு ஆண்டு காலமானார்.

அந்நாளில் கோல்களுக்கு எண் கிடையாது. மாஷி, நிப்லிக், கிளீக், பிராஸி, ஸ்பூன் என்று வீட்டுப் பிள்ளைகளை அழைப்பதுபோல அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோலும் ஒவ்வொரு கொல்லன் கையில் பிறந்தது. ஹிக்கரி என்னும் மரத்தால் ஆன பிடிக்கம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். ஒருவனுடைய மாஷி தரும் தூரத்தை மற்றொருவனுடைய மாஷி தராது. 1920-களில் உருக்குக் கம்பு வழக்கிற்கு வந்து, தொழிற்சாலைகளில் ஒரே அளவான கோல்கள் தொகுதி தொகுதியாகச் செய்யப்பட்டபோதுதான் பெயர்கள் மறைந்து எண்கள் தோன்றின. ஐந்தாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய பத்து யார் வேறுபாடு என்று ஒழுங்காகக் கணக்கிட இது வழிவகுத்தது. ஒழுங்கு வந்ததும் பேராசையும் வந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிக் கோல் என்று இருபதுக்கும் மேற்பட்ட கோல்களைச் சிலர் சுமக்கச் செய்தார்கள். 'சுமக்கச் செய்தார்கள்' என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சுமந்தவன் கெடிதானே! 1938-இல் அமெரிக்கச் சங்கமும் அடுத்த ஆண்டில் சென் அன்ட்ரூஸ் சங்கமும் பதினான்கு கோல்களே உச்சவரம்பு என்று விதித்தன.

கோல்கள் ஒழுங்குபட்ட பின்னரும் மைதானத்தின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் நீடித்தது. நடந்து அளப்பதைப் பெரிய ஆட்டக்காரர் பலர் கௌரவக் குறைவாக எண்ணினர். 1954-இல் அமெரிக்கப் பொது மைதானங்களின் வெற்றிவீரரான ஜீன் அன்ட்ரூஸ் அவர்களுள் விதிவிலக்கானவர். அவர் மைதானத்தை நடந்து அளந்து தூரங்களைக் குறித்து வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம் டீன் பீமன் என்ற இளைஞனிடம் சென்றது. பீமன் 1961-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் மைதானத்தில் தன் நண்பன் ஜாக் நிக்லஸிடம் அதை எடுத்துச் சொன்னான். அப்போது நிக்லஸுக்கு வயது இருபத்தொன்று. அதுவரை கண்ணையே நம்பியிருந்தவர், இந்த மரத்திலிருந்து இத்தனை யார், அந்த மணற்குழியிலிருந்து இத்தனை யார் என்று காலால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு அமெரிக்க அமெச்சூர் பட்டம் அவருக்கே கிடைத்தது. பின்னர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் பெற்ற அவர் அந்த வழக்கத்தைக் கைவிடவேயில்லை. ஒரு பென்சில், ஒரு தாள், இரண்டு கால்கள்: நவீன கோல்ப் கணக்கின் மூலதனம் இவ்வளவுதான்.

காலடியை ஓர் அளவுகருவியாகக் கொள்வது புதுமையன்று. மைல் என்னும் சொல்லே ஆயிரம் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது. உரோமப் போர்வீரனின் ஆயிரம் இரட்டைக் காலடி ஒரு மைல். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் கலீபா அல்-மஃமூன் பூமியின் சுற்றளவை அறிய விரும்பியபோது, அவருடைய அறிஞர்கள் சிஞ்சார் சமவெளிக்குச் சென்றனர். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரையில் வடக்கேயும் தெற்கேயும் நடந்து, வழியெல்லாம் முளையடித்துக் கயிறு பிடித்து அளந்தனர். கயிறும் முளையும் கொண்டு பூமியையே அளந்த அவர்களின் துணிவு பெரிது. மறுபுறத்தில், 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கியபோது கையாண்டது நூறடி நீளமுள்ள உருக்குச் சங்கிலி. ஏழரை மைல் தூரத்துக்கு அதனை ஏறக்குறைய நானூறு முறை நீட்டிப் பிடித்தார். சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், ஏற்றுக்கொள்ளப்படாமல் திரும்பிவந்த சங்கிலி அது. விலைமதிப்புள்ள கருவிதான், ஐயமில்லை.

ஆனால் அந்த அளவைத் துறையே பின்னர் ஒரு கட்டத்தில் சங்கிலியைக் கைவிட்டுக் காலடியை நாட வேண்டியதாயிற்று. திபெத்துக்குள் ஐரோப்பியர் நுழைய முடியாத காலம் அது. குமாவோன் மலைநாட்டுப் பள்ளிக்கூட ஆசிரியர் நைன் சிங் என்பவரைத் தேர்ந்து, டேராடூனில் வைத்துப் பயிற்சி தந்தார்கள். ஏற்றமோ இறக்கமோ சமதரையோ, எங்கு நடந்தாலும் ஒவ்வொரு காலடியும் முப்பத்தொன்றரை அங்குலமாய் இருக்கப் பழகினார் அவர். அந்தக் கணக்கில் இரண்டாயிரம் காலடி ஏறக்குறைய ஒரு மைல். கையிலே யாத்திரிகரின் செபமாலை. வழக்கமான நூற்றெட்டு மணிகளுக்குப் பதிலாக அதில் இருந்தவை நூறு. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒருமுறை சுற்றிவந்தால் பத்தாயிரம் காலடி, அதாவது ஐந்து மைல். குறிப்புத் தாள்களை வழிபாட்டுச் சக்கரத்துக்குள் மறைத்து வைத்தார். 1865-இல் புறப்பட்டு மறு ஆண்டு ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. 1877-இல் இலண்டன் அரச புவியியற் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஒரு நாட்டுப்புற ஆசிரியரின் காலடி உலகப் படத்தைத் திருத்திற்று என்பது மிகையன்று.

இலங்கைக்கு வருவோம். கொழும்பு கோல்ப் கழகம் 1879-இல் தொடங்கிற்று. முதலில் ஆடியது காலிமுகத்திடலில். 1896-இல் பொரளைப் பக்கத்திலுள்ள புதிய மைதானத்துக்கு இடம் மாறி, அக்கால ஆள்பதி ரிஜ்வேயின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். களனிவெளி இரயில்பாதை அதனூடே செல்கிறது. நுவரெலியாக் கழகம் 1889-இல் தோன்றியது. கடல்மட்டத்திலுள்ள கொழும்பில் பழகிய ஒருவன் ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் போய் அடித்தால், அதே கோல் அவனறியாத தூரத்துக்குப் பந்தைக் கொண்டுபோகும். மலையில் காற்று அடர்த்தி குறைந்தது. பந்தைத் தடுக்கும் வலிமையும் குறைவு. ஆகவே ஓரிடத்திற் கற்ற கணக்கு மற்றோரிடத்துக்குச் செல்லாது. அக்கழகங்களில் ஆடியவர்களின் பெயர்கள் பலகைகளில் பொன்னெழுத்தில் உள்ளன. அவர்களுக்கு வழி சொல்லிய உள்ளூர்ப் பையன்களின் பெயர்களைப் பொறிக்கப் பலகை செய்யப்படவில்லை.

இனி, பணமில்லாத ஒருவன் தன் தூரத்தை அறிவது எப்படி? இலங்கையில் எந்தப் பள்ளிக்கூட மைதானத்திலும் இதற்குத் தேவையான திட்ட அளவு ஒன்று காசின்றிக் கிடக்கிறது. கிரிக்கெட் ஆடுதளத்தில் ஒரு விக்கெட்டிலிருந்து மறு விக்கெட் வரையுள்ள தூரம் 22 யார். 1620-இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளமும் அதுவே. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு; எண்பது சங்கிலி ஒரு மைல்; பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். காணி உறுதியில் ஏக்கர்க் கணக்கைப் படிக்கும் கமக்காரனும் மாலையில் பந்து வீசும் அவன் மகனும் ஒரே சங்கிலியைத்தான் கையாளுகிறார்கள் என்பதை இருவரும் அறிவதில்லை! அந்த 22 யாரை இயல்பான நடையில் ஐந்து முறை நடந்தால் 110 யார். அதற்கு 132 காலடி ஆயிற்று என்றால், ஒரு காலடி முப்பது அங்குலம். நூறு யாருக்கு 120 காலடி. நீட்டி நடப்பது கூடாது. நீட்டிய காலடி களைப்பு வந்ததும் சுருங்கிவிடும். இயல்பான நடை மாறாது.

பிறகு ஒரே கோலால் ஒரே வகைப் பந்துகள் சிலவற்றை அடிக்க வேண்டும். நண்பன் ஒருவனை முன்னே நிறுத்திவைத்தால் பந்து விழுந்த இடத்தை அவன் பார்த்துக்கொள்வான். அன்ட்ரூ டிக்சன் செய்த வேலை அதுதான். கடலோரத்தில் அலை நனைத்து விட்ட மணலிலே பந்து விழுந்த குழி தெளிவாகத் தெரியும். எடுத்துக்காட்டாக ஒன்பது பந்துகள் 96, 112, 118, 121, 123, 124, 127, 129, 151 யார் போயின என்று கொள்வோம். இவனுடைய தூரம் என்ன? கேட்டால் நூற்றைம்பது என்று சொல்வான். மனிதன் தன் மிகச் சிறந்த நாளையே தன் வழக்கமான நாள் என்று நம்புகிறவன். காற்றோ கல்லோ தந்த 151-ஐயும், தரையைத் தட்டிய 96-ஐயும் பொருட்படுத்தாமல் நடுவில் நிற்பதைப் பார்த்தால் 123. அதுவே அவனுடைய தூரம். காற்றையும் மறக்கக் கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் கிழக்கு நோக்கி அடித்தவன் தன்னைப் பெருவீரன் என்று எண்ணிக்கொள்வான். வாடைக் காலத்தில் வடக்கு நோக்கி அடித்தால் அந்த எண்ணம் தெளிந்துவிடும். ஒரு திசையில் பாதியும் எதிர்த் திசையில் பாதியும் அடித்துப் பார்ப்பதே முறை.

இந்த எளிய அறிவை வறுமையின் காரணமாகவே மிக நுட்பமாகப் பெற்றவர்கள் கெடிகள். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் கெடியாக வேலை செய்த இந்திய வம்சாவளியினரான பப்வா செகோலம் எழுதப் படிக்க அறியாதவர். தூரம் எழுதிய புத்தகம் அவருக்குப் பயன்படாது. மரக்கொம்பை வெட்டிக் கோலாக்கிப் பழகியவர். கைகளை மற்றவர்களுக்கு நேர் எதிராக மாற்றிப் பிடிப்பார். யாரும் திருத்திக் கொடுக்கவில்லை, அவரும் மாற்றிக்கொள்ளவில்லை. தூரம் அவருடைய கண்ணிலும் தோளிலும் இருந்தது. 1959-இல் ஐரோப்பா சென்று ஒல்லாந்துப் பட்டத்தை வென்றார். 1960-இலும் 1964-இலும் மீண்டும் வென்றார். 1963-இல் சொந்த ஊரான டர்பனில் நேற்றால் பட்டத்தை வென்றபோது, வெள்ளையர் அல்லாதார் கழகக் கட்டடத்துக்குள் நுழைவதை நிறவெறிச் சட்டம் தடுத்தது. தோற்ற வெள்ளையர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் சென்றது. 1965-இல் அதே போட்டியில் கரி பிளேயரைத் தோற்கடித்தார். அதன் பின்னர் அவர் வெள்ளையரோடு போட்டியிடத் தடை வந்தது; 1978-இல் வறுமையிலேயே இறந்தார். இன்று டர்பனில் ஒரு பொதுமக்கள் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தியாவில் டில்லி மைதானத்துக் கெடி ஒருவரின் மகன் அலி ஷேர். தாமும் கெடியாக இருந்தே விளையாட்டைக் கற்றவர். 1991-இல் அதே மைதானத்தில் இந்தியத் திறந்த போட்டியில் வெற்றி பெற்றார். தொழில்முறை ஆட்டக்காரருள் அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. 1993-இல் மறுபடியும் வென்றார். 2009-இல் அதே பட்டம் பெங்களூரில் கெடியாக வாழ்வைத் தொடங்கிய சின்னசுவாமி முனியப்பாவுக்குக் கிடைத்தது. பிறர் அடித்த ஆயிரக்கணக்கான பந்துகளின் தூரத்தைக் கண்ணால் கண்டு, நடந்து போய் எடுத்தவர்கள் இவர்கள். அந்த நடையைவிடச் சிறந்த பயிற்சிக் கூடம் இருந்திருக்க இயலாது.

காலம் மாறிற்று. லேசர் ஒளியை எறிந்து தூரம் காட்டும் கைக்கருவி 1990-களில் ஆட்டக்காரர் கைக்கு வந்தது. 2006 முதல் உள்ளூர் விதியின்கீழ் அது அனுமதிக்கப்பட்டது. 2019-இல் பொது விதியே அதற்கு இடம் தந்தது. 2003-இல் டென்மார்க்கில் தோன்றிய ஒரு நிறுவனம், பீரங்கிக் குண்டின் பாதையைத் தொடரும் ராடார் நுட்பத்தைப் பந்துக்குப் பயன்படுத்தி, வேகம், சுழற்சி, விழும் தூரம் அனைத்தையும் நொடியில் காட்டும் கருவியை உருவாக்கியது. அதன் விலை இருபதாயிரம் டொலருக்கு மேல். ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகம் பல ஆண்டுகள் பணம் சேர்த்தாலும் வாங்க முடியாத தொகை.

எனினும் பெரும் போட்டிகளில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். மைதானத்தில் நீர் தெளிக்கும் குழாய்களின் மூடிகளில் குழி அமைந்த புல்தரை வரையுள்ள தூரம் பொறிக்கப்பட்டிருக்கும். பந்து அந்த மூடியின்மேல் வந்து நிற்பதில்லை. சற்றுத் தள்ளித்தான் கிடக்கும். பையைத் தோளில் சுமந்த கெடி மூடியருகே போய் நிற்கிறான். அங்கிருந்து பந்தை நோக்கி, வாய்க்குள் எண்ணியபடி, ஒரே சீரான காலடியில் நடந்து வருகிறான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, கூட்டிப் பார்த்து, ஆட்டக்காரன் காதருகே ஒரு தொகையைச் சொல்லுகிறான்.